டையாக்சேனைத் தண்ணீரில் ஊற்றும் முன்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பிரிபுனலை (கலக்காத திரவங்களை அடுக்கடுக்காகப் பிரிக்கும் புனல்) குலுக்கி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தார். உள்ளே தண்ணீரும் 1,4-டையாக்சேன் என்ற கரைப்பானும். இரண்டு அடுக்காகப் பிரியவே இல்லை. “பென்சீன் மாதிரி இதுவும் முனைவற்றதுதானே சார், தண்ணீரோடு கலக்கக் கூடாதே?” என்றார். முனைவற்றது என்றால் மூலக்கூறில் மின்சுமை ஒரு பக்கமாகச் சாயாதது.

அவர் படித்தது தப்பில்லை. டையாக்சேன் ஆறு அணுக்கள் கொண்ட வளையம். இரண்டு ஆக்சிஜனும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. நாற்காலி வடிவத்தில் ஒன்றின் இழுப்பை மற்றது ரத்து செய்துவிடுவதால், மொத்த இருமுனைத் திருப்புத்திறன் (அந்தச் சாய்வின் அளவு) பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது. ஒரு திரவம் எவ்வளவு முனைவுள்ளது என்பதைக் காட்டும் டைஎலக்ட்ரிக் மாறிலி 2.2. பென்சீனுக்கு 2.3, தண்ணீருக்கோ 80 பக்கம். கார்பன் டெட்ராகுளோரைடும் இப்படித்தான். நான்கு கார்பன்-குளோரின் பிணைப்புகளும் முனைவுள்ளவை, ஆனால் நான்முகியின் நான்கு மூலைக்கும் சமமாக இழுத்துக்கொள்கின்றன. ஒரு குளோரினுக்குப் பதில் ஹைட்ரஜன் வந்தால் சமச்சீர் உடைகிறது. அதுதான் குளோரோபார்ம், திருப்புத்திறன் சுமார் 1 டிபை (அதன் அலகு).

சரி, டையாக்சேன் மட்டும் ஏன் தண்ணீரோடு கலக்கிறது? பூஜ்ஜியம் என்பது முழு மூலக்கூறுக்கும் கூட்டிப் போட்ட கணக்கு. தண்ணீர் மூலக்கூறு அந்தக் கூட்டலைப் பார்ப்பதில்லை, தன் பக்கத்தில் இருக்கும் ஒற்றை ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. அதன் தனித்த எலக்ட்ரான் இணையோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொள்கிறது. அதனால் எந்த விகிதத்தில் ஊற்றினாலும் கலந்துவிடும். கார்பன் டெட்ராகுளோரைடின் குளோரினுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. அது பேசாமல் அடியில் தங்கும்.

தாளில் வரைந்த சமச்சீரும் ஏமாற்றும். ஹைட்ரோகுவினோனில் பென்சீன் வளையத்தின் இரண்டு ஹைட்ராக்சில்களும் (OH) நேரெதிரே இருந்தும் அளந்தால் பூஜ்ஜியம் வராது. ஆக்சிஜனில் பிணைப்பு வளைந்து, ஹைட்ரஜன் வேறு பக்கம் திரும்பி நிற்பதுதான் காரணம்.

எனக்குப் பகீரென்றது அப்புறம்தான். பிரியாத அந்தக் கரைசலைத் தம்பி சிங்க்கில் ஊற்றப் போனார். டையாக்சேன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள். மண் அதைப் பிடித்து வைக்காது, நிலத்தடி நீரோடு போய்க்கொண்டே இருக்கும். கரித்தூள் வடிகட்டியும் சரியாகப் பிடிக்காது. கொதிநிலை 101 டிகிரி, தண்ணீருக்குப் பக்கத்திலேயே. காய்ச்சிப் பிரிப்பதும் சுலபமில்லை.

தயவுசெய்து அதைக் கரைப்பான் கழிவு கேனில் ஊற்றுங்கள். தண்ணீர் சேர்க்கும் முன்பே டையாக்சேனை ரோட்டாவேப்பில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) ஆவியாக்கி எடுத்துவிட்டு, மீதியை எத்தில் அசிடேட்டில் பிரித்தெடுங்கள். பழைய பாட்டில் என்றால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்திருக்கலாம், சூடாக்கும் முன் பெராக்சைடு சோதனை கட்டாயம்.