கால்சியம் டப்பாவில் வலிப்பு மாத்திரை

போன வாரம் அவசரப் பிரிவுக்கு வந்த பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பதினோரு நாள். தாலிக் கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை. நாக்கோரம் கடிபட்டு ரத்தம். மாத்திரை சாப்பிட்டு மூன்று வருடமாக வலிப்பே வராமல் இருந்தவள். அம்மா அந்த மாத்திரைகளைக் கால்சியம் டப்பாவில் கொட்டி அனுப்பியிருக்கிறார். “தினம் ரெண்டு வேளை என்னம்மா மாத்திரை?” என்று மாமியார் கேட்டதும் பயந்துபோய் நிறுத்திவிட்டாள். முகூர்த்தம், மறுவீடு, விருந்து என்று ஒரு வாரமாகச் சரியான தூக்கமும் இல்லை. வலிப்பு வர வேறென்ன வேண்டும்?

“நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன டாக்டர் சொல்லுவாங்க?” என்றார் அம்மா. யார் அந்த நாலு பேர் என்று கேட்டேன். மாப்பிள்ளையின் அத்தையைச் சொன்னார். மீதி மூன்று பேர் அவருக்கே தெரியவில்லை.

வலிப்பு இருந்தால் கல்யாணமே செல்லாது என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது உண்மைதான். 1999இல் நீக்கிவிட்டார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஐயா! இப்போது கோர்ட்டுக்குப் போகிறவர்கள் ‘மறைத்துக் கட்டிவைத்தார்கள்’ என்றுதான் போகிறார்கள். அதற்குச் சாட்சி அந்தக் கால்சியம் டப்பா. இது பைத்தியமும் இல்லை, ஒட்டுவாரொட்டியும் இல்லை. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் வாழலாம்.

அன்றும் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், 5 நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.

நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லத் தயக்கமா, மாப்பிள்ளை வீட்டாரை என்னிடம் கூட்டிவாருங்கள், நான் பேசுகிறேன். குழந்தைக்குத் திட்டமிடும் முன்பும் வாருங்கள். சில மருந்துகளை, முக்கியமாக வால்புரோயேட்டை, மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா, தயவுசெய்து.

டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மா தனியாக வந்து, “சீட்டுல மயக்கம்னு எழுதிக் குடுத்துடுங்களேன்” என்றார். வலிப்பு என்றே எழுதினேன். அடுத்த முறை மாப்பிள்ளையையும் அழைத்து வரச் சொல்லி அதற்குக் கீழேயே தேதியும் போட்டுக் கொடுத்தேன்.