250 கிராம் மைதாவும் 250 மில்லி குவளையும்

பேக்கிங் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி, "கேக் ஏன் அமுங்கிப்போச்சு?" என்பதுதான். எல்லோரும் ஓவனைச் சந்தேகப்படுவார்கள். நான் முதலில் கேட்பது, மாவை எப்படி அளந்தீர்கள் என்று.

ஒரு மாணவி குறிப்பில் இருந்தபடியே செய்ததாக உறுதியாகச் சொன்னார். 250 கிராம் மைதா. அவர் வீட்டு அளவுக் குவளையில் 250 என்று ஒரு கோடு உண்டு, அதுவரை நிரப்பியிருக்கிறார். அந்தக் கோடு மில்லிலிட்டருக்கானது. அதே குவளை மாவைத் தராசில் கொட்டிக் காட்டினேன்: 130 கிராம். கேக்கில் விழுந்தது பாதி மாவுதான். அப்புறம் அது எப்படி நிற்கும்?

கிராமும் மில்லியும் ஒன்றாக வருவது தண்ணீருக்கு. பாலுக்கும் கிட்டத்தட்ட அப்படியே. மற்றவை தம் போக்கில் போகும். 240 மில்லி கப்பில் சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 227, தேன் சுமார் 340. கோகோ பவுடர் 100 கிராமைக்கூடத் தொடாது. அதனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே கணக்கு போட்டு மாற்ற முடியாது.

இதில் மாவுதான் பெரிய தலைவலி. ஒரே கப், ஒரே மைதா, ஆனால் அளக்கும் கை மாறினால் எடை மாறும். டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை வரும். மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டினால் 120 முதல் 125. மூன்று கப் கேட்கும் குறிப்பில் இந்த வித்தியாசம் 75 கிராமைத் தாண்டும், அதாவது அரைக் கப்புக்கும் மேல். கேக் வறண்டு உதிர அது போதும். கப்பைத் தரையில் தட்டித் தட்டி நிரப்புவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், மாவு இறுகிவிடும். 'சலித்த மைதா 1 கப்' என்றால் சலித்த பிறகு அளக்க வேண்டும். 'மைதா 1 கப், சலித்துக்கொள்ளவும்' என்றால் அளந்த பிறகு சலிக்க வேண்டும். சலித்த மாவு காற்றோடு இருப்பதால் கப்பில் குறைவாகவே பிடிக்கும்.

தராசு இல்லாமல் மாற்றியே ஆக வேண்டுமா? சரி, தலைதட்டிய கப் மைதாவை 125 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 கிராம் என்றால் 2 கப், அதற்கு மேல் ஆறரை மேசைக்கரண்டி. 240 மில்லி கப்புக்கு 16 மேசைக்கரண்டி என்ற கணக்கு அது. மேசைக்கரண்டி 15 மில்லி. ஆஸ்திரேலியக் குறிப்பென்றால் மேசைக்கரண்டி 20 மில்லி, கப் 250. ஜப்பானியக் கப் 200 மில்லிதான். ஆகவே குறிப்பு எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் மாற்றாதீர்கள்.

சிறிய அளவுகளுக்கு என் பேச்சு அப்படியே தலைகீழாகும். 1 கிராம் வீதம் காட்டும் சமையலறைத் தராசு, 3 கிராம் ஈஸ்ட்டைத் தூவித் தூவிப் போடும்போது பல சமயம் கவனிப்பதே இல்லை. இங்கே தேக்கரண்டியைத்தான் நம்புவேன். தலைதட்டிய 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சுமார் 4 கிராம், தூள் உப்பு 6, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3. பேக்கிங் சோடாவில் மட்டும் கை தாராளமாகிவிடக் கூடாது. கால் தேக்கரண்டி கூடினாலும் சோப்புச் சுவை வந்துவிடும்.

தராசு வாங்கிய அன்றே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கப்பில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி எடை போடுங்கள். 240 வருகிறதா, 250 வருகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு நீங்கள் வழக்கமாக அளக்கும் விதத்திலேயே மைதாவை மூன்று முறை அளந்து, மூன்றின் சராசரியை ஒரு சீட்டில் எழுதி மாவு டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள். என் டப்பாவில் 122 என்று இருக்கிறது. உங்களுக்கு வேறு எண் வரலாம், உங்கள் கைக்கு அதுதான் சரியான கணக்கு.