அப்டேட்டுக்குப் பிறகு நெட் வரவில்லையா? ஃபார்மேட் போட அவசரப்படாதீர்கள்

"ஏனுங்ணா, நேத்துப் பொழுதோட நல்லாத்தானுங்க ஓடுச்சு. காலைல வந்து ஆன் பண்ணுனா நெட்டே இல்லீங்க."

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். கணக்குப் பார்க்கும் அந்தப் பெண் கூப்பிட்டபோது, வெளிமாநிலம் போகவேண்டிய லாரி வாசலில் நின்றிருந்தது. சரக்கோடு போகவேண்டிய இ-வே பில்லை ஆன்லைனில் போட வழியில்லை. "விண்டோஸ் போச்சு, ஃபார்மேட் போட்டுடலாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேக்கப் இல்லாத டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) கணக்கு முழுவதும் அதே கம்ப்யூட்டரில்! நான் வரும்வரை எதையும் தொடவேண்டாம் என்றேன். ஃபார்மேட் போட்டாலும், புதிய விண்டோஸில் அந்த நெட்வொர்க் கார்டுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் சின்ன சாஃப்ட்வேர்) இல்லையென்றால் நெட் வராது. கணக்குதான் போகும்.

அதே ரவுட்டரின் வைஃபையில் செல்போனுக்கு நெட் வந்தது, கேபிள் சொருகும் இடத்தில் விளக்கும் எரிந்தது. ஆக ரவுட்டரிலோ கேபிளிலோ கோளாறு இல்லை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸைத் திறந்தால், கார்டின் பெயர் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி. இரவு வந்த அப்டேட் டிரைவரையும் மாற்றியிருந்தது. பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பகுதிக்குப் போய் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்தி, ரீஸ்டார்ட் செய்ததும் நெட் வந்துவிட்டது.

எல்லா நேரமும் அந்தப் பட்டன் வேலை செய்யாது. பழைய டிரைவர் சேமிப்பில் இல்லையென்றால் மங்கலாகக் கிடக்கும். அப்போது ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போட்டால் கம்ப்யூட்டருக்கு நெட் கிடைக்கும். அதை வைத்து, கம்ப்யூட்டர் தயாரித்த கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்குங்கள். அசெம்பிள் செய்ததென்றால் மதர்போர்டின் மாடலைப் பாருங்கள். 'இலவச டிரைவர்' என்று தேடலில் முதலில் வந்து நிற்கும் தளங்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். ஜிஎஸ்டியும் பேங்க் லாகினும் இருக்கிற கம்ப்யூட்டர் அது. மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுகிறோம், ரிமோட் ஆப் போடுங்கள் என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள்.

நம் ஊர்க் கம்பெனிகளில் பலரும் மாட்டிக்கொள்வது ஐபி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் உள்ள முகவரி எண்) விஷயத்தில்தான். டேலி சர்வருக்கும் பிரிண்டருக்கும் நிரந்தர ஐபி கொடுத்து வைத்திருப்போம். டிரைவரை அன்இன்ஸ்டால் செய்தாலோ 'நெட்வொர்க் ரீசெட்' கொடுத்தாலோ அந்த ஐபி அழிந்து, தானாக வேறொன்று வந்து உட்காரும். இன்டர்நெட் வரும், ஆனால் மற்ற டேபிள்களில் டேலி திறக்காது. நெட்வொர்க் 'பப்ளிக்' என்று மாறியிருந்தாலும் ஷேர் செய்த ஃபோல்டர் மற்றவர்களுக்குத் திறக்காது. அதனால் கை வைப்பதற்கு முன், ஐபி எழுதியிருக்கும் திரையைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரீசெட் கடைசி வழியாக இருக்கட்டும்.

அந்தக் கம்பெனியில் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வைத்தேன், அதே டிரைவர் மறுபடி வந்து இறங்கிவிடக் கூடாதே. லாரி பதினொரு மணிக்குக் கிளம்பியது. அப்புறம் டேலி டேட்டாவை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.