பின்சீட்ல உக்காரவும் கத்துக்கணும்

கேஷுவால்டில ரொம்ப நாள் வேலை பாத்தா ஒரு கணக்கு தானா மனசுல ஓட ஆரம்பிச்சிரும். டூவீலர் கேஸ்னு ஸ்ட்ரெச்சர் உள்ள வரும்போதே இவர் ஓட்டுனவரா பின்னாடி உக்காந்தவரான்னு பாதி நேரம் சொல்லிரலாம். ஓட்டுனவர் பெரும்பாலும் முட்டி, உள்ளங்கை, காறை எலும்புன்னு வருவார், ஏன்னா விழப்போறோம்னு அரை செகண்ட் முன்னாடியாவது அவருக்குத் தெரியும், கையில ஹேண்டில்பாரும் இருக்கு. பின்னாடி இருக்கவங்களுக்கு முன்னாடி என்ன வருதுன்னே தெரியாது, எதிர்ல தெரியுறது ஓட்டுறவரோட சட்டை முதுகு மட்டும்தான், அதனால அவங்க மல்லாக்க விழுந்து பின்மண்டையோட வருவாங்க.

ஒரு அம்மா வந்தாங்க, அம்பத்தஞ்சு வயசு இருக்கும். வாழ்நாள் பூரா பஸ்தான், மிஞ்சிப்போனா ஷேர் ஆட்டோ. பையன் புது பைக் எடுத்து ஒரு வாரம்கூட ஆகல, தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான், அம்மாவுக்கு அதுதான் முதல் பைக் சவாரி. ஒரு பக்கமா உக்காந்து மடியில வயர்கூடை, கூடைக்குள்ள முறுக்கு டப்பா, ரெண்டு கையும் கூடையைப் புடிச்சிருக்கு. ஸ்கூல் பக்கத்துல பெயின்ட் அழிஞ்சு போன ஒரு ஸ்பீட் பிரேக்கர். முன்சக்கரம் ஏறி இறங்கிருச்சு, அப்பாடான்னு பையன் ஆக்சிலேட்டரை முறுக்க, அதே நேரம் பின்சக்கரம் ஏறி சீட் எகிற, அம்மா அந்தரத்துல இருக்கும்போது வண்டி மட்டும் முன்னாடி போயிருச்சு. கொஞ்ச தூரம் போனப்புறம்தான் சார் பின்னாடி வெயிட் இல்லன்னே தெரிஞ்சுதுன்னு அந்தப் பையன் எங்கிட்ட சொல்லும்போது அவன் கை நடுங்கிட்டே இருந்துச்சு. அவன் திரும்பி வந்து பாத்தப்ப அம்மா ரோட்ல உக்காந்து முறுக்கு பொறுக்கிட்டு இருந்தாங்களாம், ஒண்ணும் இல்லப்பா, லேசா மண்டை இடிச்சுது அவ்வளவுதான்னு.

முக்கா மணி நேரத்துல வாந்தி. எங்கிட்ட வந்தப்ப கேட்ட கேள்வியவே திரும்பத் திரும்பக் கேட்டாங்க, தங்கச்சிக்கு போன் பண்ணியாச்சா தம்பி, தங்கச்சிக்கு போன் பண்ணியாச்சான்னு. சிடி ஸ்கேன் எடுத்தா அடிபட்டது பின்மண்டை, ரத்தம் கட்டியிருக்கிறது முன்மூளைல. இதை வீட்டுக்காரங்களுக்குப் புரிய வைக்குறது எப்பவுமே கஷ்டம். பின்னாடி அடிபட்டதும் மண்டை ஓடு நின்னுரும், உள்ள இருக்கிற மூளை குலுங்கி முன்பக்க எலும்புல போய் உரசும், அங்கதான் கன்றிப்போகும். ஆபரேஷன் தேவைப்படல, ஒரு வாரத்துல வீட்டுக்குப் போயிட்டாங்க, எல்லாரும் நிம்மதி. ரெண்டு மாசம் கழிச்சு ஓபிக்கு வந்து, குழம்பு அடிப்பிடிச்சதே தெரியல தம்பி, மருமக வந்து கத்துனப்புறம்தான் தெரிஞ்சுதுன்னாங்க. மூக்குக்கு மேல சல்லடை மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கு, வாசனை நரம்பு நூல் நூலா அது வழியாத்தான் மேல போகும், மூளை குலுங்கும்போது அந்த நூல் அறுந்துரும். சிலருக்கு திரும்ப வரும், அவங்களுக்கு வரல. கேஸ் லீக் ஆனாலும் தெரியாதுங்கிறதால ராத்திரி ரெகுலேட்டரை மூடிட்டுத்தான் படுக்கணும்னு எழுதியே குடுத்தேன். ஹெல்மெட் ஒண்ணு இருந்துச்சு, அது பையன் தலைல.

ஓட்டுறவனுக்கு எல்எல்ஆர், எட்டு போடுறது, லைசென்ஸ் எல்லாம் இருக்கு. பின்னாடி உக்கார்றவங்களுக்கு "ஏறு, கெட்டியா புடிச்சுக்கோ" அவ்வளவுதான் பாடம், எதைப் புடிக்கணும்னுகூட யாரும் சொல்றது இல்ல.

அதனால முதல் தடவை ஏறப்போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். ஓட்டுறவர் வண்டிய நிமித்தி ரெண்டு காலையும் தரையில ஊனி "ஏறு"ன்னு சொன்னப்புறம் இடதுபக்கமா ஏறுங்க, பெரும்பாலான பைக்ல சைலன்சர் வலதுபக்கம் இருக்கும். கெண்டைக்கால் உள்பக்கம் சைலன்சர்ல பட்டு சுட்டுக்கிட்டு வர்றவங்க அவ்வளவு பேர், அதுல பாதிப்பேர் மேல டூத்பேஸ்ட் இல்ல பேனா மை. அதைச் சுரண்டி எடுக்குறதுக்குள்ள அவங்க கத்துற கத்து சூடு பட்டப்பகூட கத்தியிருக்க மாட்டாங்க. குழாய்த் தண்ணில இருபது நிமிஷம் காட்டுங்க, வேற எதுவும் தடவாதீங்க.

உக்காந்ததும் ரெண்டு காலும் ஃபுட்ரெஸ்ட்ல, சிக்னல்ல வண்டி நின்னாலும் கீழ ஊனாதீங்க, அது ஓட்டுறவர் வேலை. ஒரு கை அவர் இடுப்புல, ஒரு கை பின்னாடி இருக்கிற கம்பில. பிரேக் போட்டா நீங்க முன்னாடி சரிவீங்க, முறுக்குனா பின்னாடி போவீங்க, ரெண்டுக்கும் ஒவ்வொரு கை. ஆப்ல புக் பண்ற பைக் டாக்சில முன்ன பின்ன தெரியாத ஆளு இடுப்பைப் புடிக்க சங்கடமா இருந்தா ரெண்டு கையாலயும் கம்பியவே புடிங்க, முதுகை லேசா முன்னாடி சாய்ச்சுக்கோங்க. வளைவுல வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் சாயுறது முதல் தடவை உக்கார்றவங்க எல்லாரும் பண்றது, ஓட்டுறவரோட தோள் எந்தப்பக்கம் போகுதோ அந்தப்பக்கம் தோளுக்கு மேல பாத்துட்டே இருந்தா உடம்பு தானா சரியா வந்துரும். ஸ்பீட் பிரேக்கர் வந்தா சீட்ல வெயிட்டை போட்டு உக்காராம ஃபுட்ரெஸ்ட்ல காலை அழுத்தி லேசா எழுந்துக்குங்க. அதுக்கு முன்னாடி ஓட்டுறவர் "மேடு வருது"ன்னு வாயத் திறந்து சொல்லணும். ரெண்டு சக்கரமும் இறங்குற வரைக்கும் முறுக்கக்கூடாது.

ஒரு பக்கமா உக்காரவே கூடாதுன்னு நான் சொன்னா புடவை கட்டுன பாட்டிங்க யாரும் இதைக் கேக்கப்போறது இல்ல. ரெண்டு பக்கம் கால் போடுறதுதான் நல்லது, முடியலைன்னா வலது கை ஓட்டுறவர் மேல, இடது கை கம்பில, கூடை பை எதுவும் மடியில வேணாம், முன்னாடி கொக்கில மாட்டுங்க. மாட்ட இடம் இல்லாட்டி முறுக்கை இன்னொரு நாள் குடுத்துக்கலாம்.

சாரி கார்டு, அதாவது புடவை, துப்பட்டா பின்சக்கரத்துல மாட்டாம இருக்க வைக்கிற தடுப்பு. இதைச் சொன்னாலே எனக்குக் கோவம் வரும். பின்னாடி ஆள் உக்கார்ற மாதிரி இருக்கிற பைக்குக்கு கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு இருக்கணும்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123வது விதி சொல்லுது. லுக்கு போயிருதுன்னு டெலிவரி எடுத்த அன்னிக்கே அந்தத் தடுப்பைக் கழட்டிடுறானுங்க. அப்புறம் துப்பட்டா சக்கரத்துல சுத்துனா கழுத்தைத்தான் இழுக்கும், ஓட்டுறவருக்குத் தெரியுறதுக்குள்ள முடிஞ்சிரும். ஏறுறதுக்கு முன்னாடியே துப்பட்டாவை இடுப்புல கட்டுங்க, முந்தானையை முன்னாடி இழுத்து சொருகுங்க. சின்னப் பசங்க காலும் இதே மாதிரிதான் ஸ்போக்ஸ்ல மாட்டும். குதிகால்ல சின்னக் காயம் மாதிரிதான் இருக்கும், தையல் போட்டு அனுப்பினா நாலஞ்சு நாள்ல சுத்தி இருக்கிற தோல் கருத்துப்போய் திரும்ப வருவாங்க, நசுங்குன தோல் அப்படித்தான். ஸ்போக்ஸ்ல கால் மாட்டுச்சுன்னா காயம் சின்னதா இருந்தாலும் எக்ஸ்ரே எடுங்க, ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஹெல்மெட் பத்தி புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. நம்ம ஊர்ல 2015 ஜூலை 1ல இருந்தே பின்னாடி இருக்கவங்களுக்கும் கட்டாயம், இப்ப ஃபைன் 1000 ரூபா. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கணும், ஸ்ட்ராப் போடணும். ஸ்ட்ராப் போடாத ஹெல்மெட் ரோட்ல தனியா உருண்டுட்டு இருந்துச்சுன்னு நிறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். நாலு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைன்னா ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டுற பெல்ட் வேணும், ஒன்பது மாசம் ஆயிருச்சுன்னா ஹெல்மெட்டும் வேணும், ஸ்பீடு 40க்கு மேல போகக்கூடாது, 2023 பிப்ரவரில இருந்து இதுதான் சட்டம். யாரும் மதிக்கிற மாதிரி தெரியல, நீங்களாவது செய்ங்க.

ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு. தனியா ஓட்டுற வண்டி வேற, டபுள்ஸ் போற வண்டி வேற. பின்னாடி ஆள் உக்காந்தா முன்சக்கரம் லேசாகும், நிறுத்துற தூரம் கூடும், ஹெட்லைட் மேல தூக்கி எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். பல வண்டில செயின் கவர் மேல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பின்டயருக்கு ரெண்டு காத்து அளவு போட்டிருப்பாங்க, தனியா போனா ஒண்ணு, ஆள் ஏத்துனா கொஞ்சம் கூட. அதைப் படிச்சவங்க எத்தனை பேர்னு தெரியல, நானும் ரொம்ப வருஷம் படிச்சது இல்ல.

கடைசியா காசு விஷயம். அடிபட்டா 108க்கு போன் பண்ணுங்க, தமிழ்நாட்ல நம்மைக் காக்கும் 48 திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிகள்ல முதல் 48 மணி நேரத்துக்கு அரசாங்கம் வரையறுத்த சிகிச்சை இலவசம். ஆனா அதுக்கப்புறம் இழப்பீடுன்னு கேக்கப் போகும்போதுதான் நிறைய குடும்பத்துக்கு இடி விழும். நீங்க உக்காந்து போன வண்டிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி (வண்டி இடிச்ச வெளி ஆளுக்குப் பணம் தர்றது) மட்டும் இருந்து, வண்டி தானா சறுக்கி விழுந்தா, பின்னாடி இருந்தவங்களுக்கு அந்த பாலிசில பணம் கிடையாது, 2006லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஓனர் டிரைவருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கும், அம்மாவுக்கு இருக்காது. ஃபுல் பாலிசின்னா பின்னாடி இருக்கவங்களும் வருவாங்க, பின்னாடி உக்கார்றவங்களுக்குன்னே தனியா பில்லியன் கவர்னும் கொஞ்சம் காசு கட்டி சேத்துக்கலாம். ஆர்சியோட மடிச்சு வச்சிருக்கிற பேப்பரை ஒருக்கா பிரிச்சுப் பாருங்க, "லயபிலிட்டி ஒன்லி"ன்னு போட்டிருந்தா அது வெறும் தேர்ட் பார்ட்டிதான், அடுத்த ரினியூவலுக்கு மாத்திருங்க.