கழுவிய டம்ளரில் நாங்கள் எதைத் தேடுவது?

சென்ற வாரம் அரக்கு முத்திரையை உடைத்து உறையைப் பிரித்தபோது, உள்ளே ஓர் எவர்சில்வர் டம்ளர் பளபளவென்று இருந்தது. விளிம்பின் மடிப்பில் மட்டும் பாத்திரம் தேய்க்கும் சோப்பு வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்ரீராம்புரத்தில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டிலிருந்து வந்தது அது. "எச்சில் டம்ளரை எப்படிக் கொடுப்பது என்று அந்தம்மாதான் தேய்த்துக் கொடுத்தார்கள்" என்றார், கொண்டுவந்த காவலர். பெங்களூரில் பல ஆண்டுகளாக நஞ்சுப் பகுப்பாய்வு செய்யும் எனக்கு இப்படி வந்த முதல் டம்ளர் இதுவல்ல.

"மெஷினில் போட்டால் என்ன விஷம் என்று தெரிந்துவிடும்" என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். அப்படி ஒரே மெஷின் எங்கும் கிடையாது. ஜி.சி.-எம்.எஸ். என்னும் கருவி, சூட்டில் சிதையாமல் ஆவியாகக்கூடிய பொருள்களை மட்டுமே பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூறையும் உடைத்து, அந்தத் துண்டுகளின் நிறையைக் காட்டும். குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் அதில் அகப்படும். களைக்கொல்லியான பாராக்வாட் ஓர் உப்பு. ஆவியாகாது, ஆகவே அதற்கு, திரவத்தில் கரைத்தே பிரிக்கும் எல்.சி.-எம்.எஸ். வேண்டும். எலிமருந்தில் உள்ள துத்தநாகப் பாஸ்பைடு இரைப்பை அமிலத்தில் பாஸ்பீன் வாயுவாகிவிடும். குப்பியின் மூடி சரியில்லையென்றால் அது காற்றோடு போய்விடும். ஆர்சனிக்குக்கோ தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். தேவை. எங்களிடம் வரும் மாதிரி கொஞ்சம்தான். ஒவ்வொரு சோதனைக்கும் அதில் ஒரு பங்கு தீர்ந்துகொண்டே போகும்.

கருவியின் கணினியில் ஒப்பிடுவதற்காகச் சேமித்துள்ள பொருள்களின் பட்டியல் ஒரு பெயரைக் காட்டிவிட்டால் வேலை முடிந்ததென்றும் எண்ணவேண்டாம். அந்தப் பொருளின் தூய மாதிரியை அதே நிலைமைகளில் ஓட்டி, அது கருவியிலிருந்து வெளிவரும் நேரமும் பொருந்தினால்தான் கையெழுத்திடுவேன். (சில சமயம் உள்ளுறுப்புகள், திசுக்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் ஊறி வருகின்றன, அது எங்கள் சோதனைக்கு இடைஞ்சல்; அப்படி அனுப்புகிறவர்கள் வேதிப்பரிசோதனையையும் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும்.)

"நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை" என்ற அறிக்கைக்கு, நஞ்சே இல்லை என்று பொருள் இல்லை. கிடைத்த மாதிரியில், செய்த சோதனைகளுக்கு எட்டிய அளவில் அகப்படவில்லை என்பதே அதன் பொருள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: யாரேனும் நஞ்சு உட்கொண்டதாகத் தெரிந்தால், முதலில் ஆளை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள், பாட்டிலையோ பாக்கெட்டையோ கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். டம்ளரைக் கழுவாதீர்கள்; தரையில் ஃபினாயில் ஊற்றாதீர்கள், ஊற்றினால் எங்கள் கருவி வரையும் வரைபடத்தில் ஃபினாயிலின் சேர்மங்களே முதலில் தலைகாட்டும். குப்பைத் தொட்டியைப் போலீஸ் வரும்வரை காலி செய்யாதீர்கள். வீட்டுக்கு ஆள்கள் வந்துபோவார்களே என்ற சங்கடம் எனக்குப் புரிகிறது. ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். முழுப் பாக்கெட் வேண்டியதில்லை, வேதிப்பெயர் அச்சிட்ட கிழிந்த மூலை கிடைத்தாலே எந்தக் கருவியில் தொடங்குவது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.