சலிக்காத ஆறுதல் நோயை வளர்க்கிறது

“இரவு இரண்டு மணிக்கும் அது எனக்குப் பதில் சொல்கிறது, டாக்டர்” என்று கைபேசியை நீட்டினார் என் நோயாளி ஒருவர். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, யாருக்காவது தீங்கு செய்துவிட்டேனா என்று அதே சந்தேகங்கள் நூறு விதமாக இருந்தன. ஒவ்வொரு முறையும் “கவலைப்படாதீர்கள், நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை” என்று எழுதியிருந்தது அதிலிருந்த உரையாடல் செயலி. ஆறு மாதத்தில் அவருடைய நோய் நன்றாக முற்றிவிட்டது. இப்படி வந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். அடையாள விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இத்தகைய கருவிகளை உருவாக்குபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால், கனிவாகப் பேசினால் நோய் குறையும் என்ற நம்பிக்கை அவர்களை விடுவதே இல்லை. எத்தனை முறை சொல்வது? ஆறுதல் வேறு, சிகிச்சை வேறு. ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச் சுழற்சி நோயில் (ஓசிடி), உறுதி கேட்டு நிற்பதே நோயின் ஒரு பகுதி. பதில் கிடைத்ததும் வரும் நிம்மதி சீக்கிரம் வடிந்துவிடும்; சந்தேகம் முன்னிலும் வேகமாகத் திரும்பும். அதனால்தான் வீட்டாரிடம்கூட, “கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள்” என்று கெஞ்சுகிறோம். வீட்டார் என்றாவது அலுத்து நிறுத்துவார்கள். செயலிக்கு அலுப்பே கிடையாது.

“பயனாளர்களுக்குப் பிடித்திருக்கிறது” என்பதைச் சான்றாகக் காட்டாதீர்கள். 1966இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா, பெரும்பாலும் நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல். அதனோடு தனியாகப் பேச வேண்டும் என்று, அவரையே அறையை விட்டு வெளியே போகச் சொன்னார் அவருடைய செயலாளர். புரிந்துகொள்ளப்பட்டதாக உணர்வது அவ்வளவு சுலபம்.

ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு நஞ்சு. 2023இல் அமெரிக்காவில், உண்ணும் பழக்கக் கோளாறு உள்ளவர்களுக்கான டெஸ்ஸா என்ற உரையாடல் கருவி எடை குறைக்க யோசனை சொன்னதாகப் புகார் எழுந்து, நிறுத்தப்பட்டது. வேறு யாருக்கும் அது சாதாரண யோசனை. பட்டினி கிடப்பதே நோயாக உள்ளவரிடம் அதைச் சொல்லலாமா?

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளையும் கூட்டல் கணக்காக்கிவிடுகிறார்கள். மொத்தம் 6 வந்தால் ‘லேசானது’ என்று பச்சை நிறம் காட்டுகிறது திரை. சாவையோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதையோ பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு ‘பல நாட்கள்’ என்று பதில் வந்திருந்தால், மொத்தம் எதுவானாலும் அன்றே ஒரு மனிதர் அவரோடு பேச வேண்டும். இதற்கு ஏற்பாடு இல்லையென்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். எத்தனை நிமிடம் செயலியோடு பேசினார் என்று எண்ணி, அதை வெற்றியாகக் காட்டுவதையும் விடுங்கள். என்னைத் தேடி வரத் தேவையில்லாமல் போவதுதான் என் நோயாளியின் முன்னேற்றம்.

பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலியின் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதோடு பேசுவதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உரையாடலைக் காட்டுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். முதலில் சொன்ன நோயாளி காட்டியதால்தான் எங்களால் சிகிச்சையைத் தொடங்க முடிந்தது. இப்போது கேள்வியை எழுதிவிட்டு, அனுப்பாமல் பத்து நிமிடம் காத்திருக்கப் பழகி வருகிறார்.