புலம்பெயர்ந்தவரா, நாடிழந்தவரா?

'எக்ஸைல்' (exile) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கி, 'புலம்பெயர்ந்த கவிஞர் தாந்தே' என்று இன்னொரு மொழிபெயர்ப்பில் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1302இல் அந்த இத்தாலியக் கவிஞரை அவருடைய சொந்த ஊரான ஃபிளாரன்ஸே தண்டித்தது. கையில் சிக்கினால் உயிரோடு எரிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. 1321இல் ராவென்னாவில் சாகும்வரை அவர் ஊர் திரும்பவே இல்லை. இதற்குப் பெயர் புலம்பெயர்வா?

எக்ஸைல் லத்தீன் வழி வந்த சொல். சொந்த மண்ணிலிருந்து விலக்கப்படுவது, விலக்கப்பட்ட ஆள், அவர் அப்படிக் கழிக்கும் காலம் மூன்றையும் குறிக்கும். புலம் என்றால் நிலம், பெயர்தல் என்றால் இடம் மாறுதல். சரி, பழைய வழக்கைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றி 'புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்' என்கிறது பட்டினப்பாலை. அந்த 'இனிது' முக்கியம். சிலப்பதிகாரத்திலோ இவர்கள் 'கலந்தரு திருவிற் புலம்பெயர் மாக்கள்', அதாவது கப்பல் தந்த செல்வத்தோடு இருப்பவர்கள். நினைத்த அன்று ஊருக்குக் கப்பலேறலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. தாந்தேக்கு அது முடியாது.

இன்று போருக்குத் தப்பிப் போன ஈழத்தமிழரையும் சேர்த்துத்தான் 'புலம்பெயர் தமிழர்' என்கிறோம். ஒரு சமூகம் முழுவதற்குமான அந்தப் பெயரோடு எனக்கு வழக்கில்லை. திரும்பினால் உயிர் போகும் என்ற நிலையில் இருந்த ஒருவரைச் சொல்லும்போது அது போதாது.

'நாடுகடத்தல்' பாதி பொருந்தும். கண்டியின் கடைசி அரசனை ஆங்கிலேயர் 1816இல் வேலூருக்கு அனுப்பியது நாடுகடத்தல்தான். ஆனால் விசா முடிந்தவரைத் திருப்பி அனுப்பினாலும், குற்றவாளியை வேறு நாட்டிடம் ஒப்படைத்தாலும் செய்தித்தாள்கள் இதையே போடுகின்றன. அப்புறம், கடத்தல் ஒருநாள் வேலை. 'தாந்தே பத்தொன்பது ஆண்டு நாடுகடத்தலில் வாழ்ந்தார்' என்று எழுதினால், அத்தனை வருடமும் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்களா என்று தோன்றும்.

இன்னும் சிலர் பாரதியின் புதுச்சேரி வாழ்க்கையை 'அஞ்ஞாதவாசம்' என்கிறார்கள். பாண்டவர் ஆள் தெரியாமல் ஒளிந்திருந்த பதின்மூன்றாம் ஆண்டுக்குத்தான் அந்தப் பெயர். அதற்கு முந்தைய பன்னிரண்டும் வனவாசம். 1908இல் புதுச்சேரி போன பாரதி அங்கிருந்தே 'இந்தியா' பத்திரிகையை நடத்தினார். அவர் இருக்குமிடம் போலீஸ் உளவாளிகளுக்கும் தெரியும்.

எனக்குச் சரியாகப் படுவது 'நாடிழத்தல்'. ஆள் நாடிழந்தவர், நிலை நாடிழப்பு. துரத்தப்பட்டவருக்கும் தானே தப்பி ஓடியவருக்கும் இது பொருந்தும். 'தாந்தே பத்தொன்பது ஆண்டு நாடிழந்து வாழ்ந்தார்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எங்கும் தட்டாது.